உன் அண்ணன் காட்டிய சிவப்பு அட்டை

அன்பு மகள் லைசானிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அந்த இங்கிலாந்துக் குளிரில் ராணுவ லாரி ஓட்டிக்கொண்டு குறையில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி வருவதும் போவதுமாக இருக்கிறது. ஆற்றில் வெள்ளம் வந்து கத்தரித் தோட்டத்தில் பாதியை எடுத்துக்கொண்டு போனது, மீதியை அம்மா சந்தைக்கு அனுப்பினாள். நான் ஓட்டும் பஸ்ஸுக்குப் புது கியர்பாக்ஸ் போட்டார்கள், பழையதைவிட மோசம். போன் இருக்கும்போது அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். போன் கூடத்தில் இருக்கிறது, உன் அண்ணனும் கூடத்தில் இருக்கிறான், அதனால்தான். உன் அண்ணன் அபெனிசா ஊர் மானத்தை வாங்கிவிட்டான் என்று அங்கே உன் பட்டாளத்தில் இருக்கும் நம் ஊர்ப் பையன்கள் சொல்கிறார்களே, உண்மையா என்று அம்மாவிடம் போனில் கேட்டாயாமே. அம்மா அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாள். நடந்ததை நான் வரிசையாகச் சொல்கிறேன், பிறகு நீயே முடிவு செய்துகொள்.

அவன் பள்ளிக்கூடம் முடித்த கையோடு பிரான்ஸுக்குப் போனது உனக்குத் தெரியும், நீ அப்போது சின்னப் பெண். அங்கே பத்து வருஷத்துக்கு மேல் ரக்பி ஆடினான். முதலில் மைதானத்தின் ஓரத்தில் ஓடுகிறவனாக இருந்தான், யார் கைக்கும் சிக்கவில்லை. நம் நாட்டு அணியின் வெள்ளைச் சட்டையும் போட்டான். வயது ஏறி வேகம் குறைந்ததும் அவனை நடுவில் நிறுத்தினார்கள். நடுவில் நிற்பவன் ஓடுவதைவிட மோதுவதுதான் அதிகம். அங்கேதான் தலையில் அடிமேல் அடி வாங்கினான். கடைசியில் அந்த அணி ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. வீட்டுக்கு வந்தவன் எங்களிடம் சொன்னது ஒரே வார்த்தை. “இனிமே தலையில ஒரு அடிகூடப் படக்கூடாதாம்ப்பா.” அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மரவள்ளி பிடுங்கப் போவான், வெறும் கத்தியோடு திரும்பி வருவான். வெயிலில் கண் கூசும், கோயிலிலும் கறுப்புக் கண்ணாடி. சில நாள் ரேடியோவைப் பார்த்துக் கத்துவான், பிறகு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடைக்கரையில் போய் உட்கார்ந்துகொள்வான். ஊர் அணிக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லிப் பெரியவர்கள் வந்து கேட்டார்கள். மறுத்துவிட்டு நடுவர் வகுப்பில் போய்ச் சேர்ந்தான். உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க எல்லாரிடமும் திட்டு வாங்குகிற வேலையா என்று அம்மா கேட்டாள். விசில் வைத்திருப்பவன் மேல் யாரும் வந்து மோத மாட்டார்கள் என்றான். நம் வாத்தியார் பெயர் அவனுக்கு மறந்துவிட்டது, ஆட்டத்தின் விதி மட்டும் ஒன்றுகூட மறக்கவில்லை. நன்றாகவே செய்தான், கேட்டவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

இனி இசிகேலி விஷயம். கெலெரா அத்தை மகனை நீ கடைசியாகப் பார்த்தபோது ஒல்லியாக இருந்தான், இப்போது வாசல் நிலையில் தோள் இடிக்கிறது. நம் ஊர் அணியின் நம்பிக்கையே அவன்தான். அவனும் உன் அண்ணனும் மச்சான் முறைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, வாயைத் திறந்தாலே கேலிதான். என்னைப் பார்த்து விசில் ஊதினால் உன் வீட்டில் ஒரு கோழி மிஞ்சாது மச்சான் என்று இசிகேலி சொல்வான், உன் ஓட்டத்தில் கோழியைப் பிடித்துவிடுவாயா என்று உன் அண்ணன் கேட்பான். இறுதி ஆட்டம் சிங்காதோக்கா மைதானத்தில், நமக்கும் ஆற்றுக்கு மேலே இருக்கிற ஊருக்கும். வர வேண்டிய நடுவருக்கு டெங்கு காய்ச்சல். எதிர் ஊர்க்காரர்களே அபெனிசா போதும் என்று சொல்லிவிட்டார்கள், ஒரே ஊர்க்காரன் என்று ஒருவர்கூட ஆட்சேபிக்கவில்லை. அன்றைக்கு ஆஸ்திரேலிய அணி ஒன்றிலிருந்து இசிகேலியைப் பார்க்கவென்றே ஒருவர் வந்திருந்தார், வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு மேல்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கெலெரா அவருக்கு இளநீர் அனுப்பினாள்.

இரண்டாம் பாதியில் நாம்தான் முன்னால் இருந்தோம். எதிர் அணியில் சாவேனாக்கா என்று ஒருவன், அவர்களுடைய ஆட்களிலேயே நல்ல ஆட்டக்காரன், பந்தை எடுத்துக்கொண்டு வந்தான். இசிகேலி ஓடிப்போய் இடுப்பைப் பிடிக்காமல் தோளால் அவன் தாடையில் மோதினான். வேண்டுமென்று செய்யவில்லை, தொப்பிக்காரர் கண்ணில் படட்டும் என்று கொஞ்சம் மேலே எழும்பிவிட்டான். சாவேனாக்கா விழுந்தான், எழுந்தான், நடந்து வந்து நம் வரிசையில் நின்றான், நம் ஆட்களோடு முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு. ஜனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரான்ஸில் உன் அண்ணன் ஆடிய கடைசி ஆட்டத்தில் அவனும் அப்படித்தான் எழுந்து போய் எதிரணி வரிசையில் நின்றான், ஊர்க் கூடத்தில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றதால் பேச்சு காதில் விழுந்தது. உன் அண்ணன் சிவப்பு அட்டையை எடுத்தான். இசிகேலி கேலி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நின்றான்.

“விளையாடாத மச்சான். அந்த ஆளு பாத்துட்டிருக்காரு.”

“வெளிய போ மச்சான்.”

அதோடு விடவில்லை. சாவேனாக்காவையும் வெளியே போகச் சொன்னான். அவர்கள் கேப்டன் ஓடிவந்து, தலை சுற்றினால் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறோம், ஆளை ஏன் எடுக்கிறீர்கள் என்று சண்டை போட்டான். உன் அண்ணன் சாவேனாக்காவின் முகத்துக்கு நேரே குனிந்து, உன் ஊர் ஆட்கள் யார், காட்டு என்று கேட்டான். அவன் கையை நீட்டி நம்மைக் காட்டினான். கேப்டனே அவன் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனான். ஆனால் அது தூரத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்கவில்லை, இரண்டு ஊரும் சேர்ந்து உன் அண்ணனைக் கூச்சல் போட்டுத் திட்டியது. ஆள் குறைந்த நம் அணி கடைசி நேரத்தில் மூலையில் ஒருவனைக் கோடு தாண்டிப் புள்ளி எடுக்க விட்டுத் தோற்றது. தொப்பிக்காரர் அதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்.

அணியை ஊருக்குக் கூட்டிவந்ததும் என் பஸ்தான். வழி முழுக்க ஒரு பாட்டு இல்லை. நம் ஆட்கள் இறங்கும்போது வினாக்கா என்று நன்றி சொல்லாமல் இறங்கமாட்டார்கள், உனக்குத் தெரியும். அன்றிலிருந்து மணிக்கயிற்றை இழுக்கிறார்கள், இறங்குகிறார்கள், போகிறார்கள். கெலெரா நம் வாசலைத் தாண்டும்போது முகத்தை ஆற்றுப் பக்கம் வைத்துக்கொண்டாள். சாவேனாக்காவை லௌத்தோக்கா ஆஸ்பத்திரியில் காட்டினார்கள், படம் எடுத்துப் பார்த்துப் பெரிதாக ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவன் மறுபடி தோட்ட வேலைக்குப் போகிறான். பார்த்தாயா ஒன்றுமில்லாததற்கா இத்தனை என்று ஊர் இன்னும் சத்தமாகப் பேசியது. அவனுக்கு ஒன்றுமில்லையாம் என்று நான் வந்து வீட்டில் சொன்னேன். “நல்லதுப்பா” என்றான் உன் அண்ணன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்து சாப்பிட உட்காரும்போது இசிகேலி வந்தான். உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்தான். அம்மா தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேம்பிலையை அங்கேயே கொண்டுபோய் வைத்தாள், தொடவில்லை. உன் அண்ணனைப் பார்த்து, “அந்த ஆளு எழுந்து போனத நான் பாத்தேன். உனக்கு எல்லாம் கெடச்சுது மச்சான், எனக்கு மட்டும் ஏன் இப்படி?” என்றான். உன் அண்ணன், “என்ன கெடச்சுதுன்னு நீயே சொல்லு, எனக்கு ஞாபகம் இல்ல” என்றான். இதுவும் மச்சான் கேலி என்று நினைத்து இசிகேலி கோபமாக எழுந்தான், பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டான். அப்போதுதான் அபெனிசா எங்கள் முன்னால் முதல்முறையாகச் சொன்னான். அவன் மூன்று முறை கோடு தாண்டிய ஆட்டத்தின் வீடியோவைப் பழைய அணியிலிருந்து அனுப்பினார்களாம். போட்டுப் பார்த்தானாம், எவனோ ஒருவன் ஓடுகிற மாதிரி இருந்ததாம்.

அந்த ஆட்டம் இசிகேலிக்கு மனப்பாடம். முதலில் சண்டைக்காரன் மாதிரி விட்டுவிட்டுச் சொன்னான், அன்றைக்கு மழை, பந்து வழுக்கியது, உனக்குப் பந்து வந்ததே வேறொருவன் கை தவறி என்று. பிறகு அவனுக்கே வேகம் வந்துவிட்டது. உள்ளே வந்து பாயில் நின்று, நீ இப்படிப் போகிற மாதிரி காட்டி அப்படிப் போனாய் என்று ஓடிக் காட்டினான், சோற்றுத் தட்டு ஒன்று கவிழ்ந்தது. உன் அண்ணன் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்புறம்? ஜெயிச்சோமா?”

“ஜெயிச்சோம் மச்சான்.”

நான் எழுந்து போய் பஸ்ஸைக் கழுவினேன். இசிகேலிக்குப் போட்ட தடை முடிந்ததும் சுவாவில் ஒரு தேர்வு ஆட்டம் இருக்கிறதாம், போகிறான். தொப்பிக்காரரிடமிருந்து தகவல் இல்லை. கெலெரா இன்னும் பேசவில்லை, மகன் இங்கே வந்து போவது தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறாள்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். லாரி ஓட்டும்போது தூக்கம் வந்தால் நிறுத்திவிட்டுத் தூங்கு, எந்த அதிகாரியும் அதற்காக உன்னைச் சுட்டுவிட மாட்டான். கம்பளி உள்சட்டையை மறக்காதே. ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள். அடுத்த முறை அண்ணனோடு பேசும்போது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்காதே. நீ பார்த்த ஆட்டம் எதுவானாலும் முதலிலிருந்து கதையாகச் சொல்லு. தோற்ற ஆட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, அவன் கேட்பான்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா
வைசேயா