கோடு தெரியாத பலகை

மார்ச் 4, செவ்வாய்

பேத்தியின் கடையில் பாதி நாள் இருந்தேன். சாப்பாடு கொண்டுபோனது சாக்கு. எதிர்வீட்டு வாத்தியாரையும் அவர் மனைவியையும் கூட்டிப்போய்க் காட்டத்தான் போனேன்.

பிறந்தபோது கையளவு இருந்தாள், பொடிசு என்று கூப்பிட்டோம். இருபத்தாறு வயதாகியும் பொடிசுதான். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுக் காருக்குள் ஸ்டிக்கர் ஒட்டப்போகிறேன் என்றபோது அவள் அம்மா, என் மகள், முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்தான் இவள் பக்கம் நின்றேன். இப்போது வந்து பார்க்கட்டும்.

கார்பன் ஃபைபர் என்று ஒன்று, பந்தயக் காரில் போடுவார்களாம். கறுப்பு நூலைக் குறுக்கும் நெடுக்குமாக நெய்தது போல இருக்கும். இவள் ஒட்டுவது அது இல்லை, அது போலவே அச்சடித்த தாள். சூட்டுக் காற்று ஊதும் ஹீட் கன்னைக் காட்டினால் துவள்கிறது. இழுத்து, அட்டையால் தேய்த்து, மூலையில் உள்ளே மடித்துவிடுகிறாள். சாயம் போன சாம்பல் பிளாஸ்டிக் ராஜா வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிடுகிறது. முதலில் பார்த்தபோது திகைத்துத்தான் போனேன்.

டேஷ்போர்டில் பக்கத்து சீட்டுக்கு எதிரே ஒரு மூடி இருக்கும், அதைச் சுற்றி ஒரு கோடு ஓடும். கடையில் நின்ற வண்டியில் அந்தக் கோடும் தெரியாமல் ஒட்டியிருந்தாள்.

"கோடு எங்கன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்" என்றேன். இரண்டு பேரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார்கள். அகப்படவில்லை. நான் பெருமையில் ஒரு சுற்றுப் பருத்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

வாத்தியாரும் காரைக் கொண்டுவந்து விட்டுவிட்டார். தையற்கடைக்காரி, பல் டாக்டர், இப்போது இவர். எல்லாம் என் வாய் இழுத்துவந்த ஆட்கள். "பாட்டி, உனக்கு ஒரு நாற்காலி வாசல்லயே போட்டுடறேன்" என்கிறாள் பொடிசு.

மார்ச் 15, சனி

வாத்தியார் வண்டி தயார். உள்ளே உட்கார்ந்து பார்த்த வாத்தியாரம்மா சொன்னாள்: "வண்டி பந்தயத்துக்குப் போற மாதிரிதான் இருக்கு. ஓட்டறவரு மாட்டுவண்டி ஓட்டற மாதிரி ஓட்டுவாரு." வாத்தியாரும் சிரித்துவிட்டார்.

மார்ச் 21, வெள்ளி

எழுத வரவில்லை.

முன்னால் போன வேன் சட்டென்று நின்றதாம். வாத்தியார் கொண்டுபோய் இடித்துவிட்டார். இரண்டு பக்கமும் ஏர்பேக் விரிந்திருக்கிறது. அவருக்கு மூக்கில் வீக்கம், அவ்வளவுதான். வாத்தியாரம்மாவுக்குப் புருவத்துக்கு மேலே கிழிந்து தையல் போட்டிருக்கிறார்கள். கண் மயிரிழையில் தப்பியது.

வண்டிக் கண்ணாடி குத்திவிட்டதா என்று கேட்டேன். கண்ணாடி உடையவே இல்லை என்கிறார் வாத்தியார். பிறகு எது கிழித்தது?

மார்ச் 22, சனி

வண்டி பொடிசின் கடைக்குப் பக்கத்து மெக்கானிக்கிடம்தான் வந்திருக்கிறது. போய்ப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

அந்த மூடிக்குள்தான் ஏர்பேக் இருக்கிறதாம். இடித்தால் மூடி கோட்டோடு பிளந்து திறக்க வேண்டும். தாள் இறுக்கிப் பிடித்ததில் நேராகத் திறக்காமல், ஒரு பக்கமாகப் பிய்ந்து, உடைந்த துண்டு தாளோடு சேர்ந்து வாத்தியாரம்மா முகத்தில் அடித்திருக்கிறது. அந்தத் துண்டை மெக்கானிக் எடுத்துக் காட்டினார். கறுப்பாக, அழகாக இருந்தது.

பொடிசும் நின்றிருந்தாள். மெக்கானிக் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். "இந்த மூடிமேல ஒட்டாதன்னு சொன்னேனா இல்லையா? ஒட்டியே ஆகணும்னா கோட்டுல வெட்டியாவது விடுன்னு சொன்னேன்ல?"

"வெட்டினா கோடு தெரியுதுண்ணே" என்றாள்.

தெரியாமல் செய்தாள் என்றுதான் அந்த நிமிடம் வரை நினைத்திருந்தேன். தெரிந்தே. என் பொடிசு தெரிந்தே.

வீட்டுக்கு வந்ததும் அவள்தான் ஆரம்பித்தாள்.

"மொத வண்டில வெட்டித்தான் விட்டேன் பாட்டி. நீதான் வந்து பாத்துட்டு, ஏன்டி இங்க மட்டும் வெட்டுக்காயம் மாதிரி இருக்குன்னு கேட்ட. அப்பறம் வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் கோட்டைக் கண்டுபிடி கோட்டைக் கண்டுபிடின்னு ஏலம் போட்ட. நான் என்ன பண்ணட்டும்?"

"நான் அஞ்சாங்கிளாஸ்டி. எனக்கு அதுக்குள்ள பை இருக்கா பலூன் இருக்கான்னு என்ன தெரியும்? உனக்குத் தெரியுமில்ல?"

"எப்படியும் திறந்துடும்னு நெனச்சேன்."

அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

நான் அப்படிக் கேட்டேனா? கேட்டிருப்பேன். என் வாய்தானே. ஆனால் நான் சொன்னால் இவள் செய்துவிடுவதா? என்றைக்கு நான் சொன்னதைக் கேட்டாள் — குடை எடுத்துப் போ என்றால்கூடக் கேட்கமாட்டாளே.

மார்ச் 24, திங்கள்

வாத்தியாரம்மாவைப் பார்க்கப் போனேன். ஒரு பக்க முகம் கட்டுக்குள் இருந்தது. என்னைக் கண்டதும் கட்டிலில் இடம் விட்டு நகர்ந்துகொண்டாள். "வா, உக்காரு. கவலைப்படாதேன்னு பொடிசுகிட்ட சொல்லு. பாவம், அவ்ளோ பாடுபட்டு ஒட்டினா, ஒரு வாரத்துல கிழிஞ்சு போச்சு" என்றாள்.

இவர்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

சொல்லிவிட்டேன். மெக்கானிக் காட்டியதை, பொடிசுக்குத் தெரியும் என்பதை, எல்லாவற்றையும். வாத்தியார் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"நீங்க கிளம்புங்க" என்றாள் வாத்தியாரம்மா.

இத்தனை வருடப் பழக்கத்தில் என்னை அவள் நீங்க என்று சொன்னதே இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

கோட்டில் வெட்டாமல் ஒட்டிய வண்டி இன்னும் இரண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பொடிசிடம் கேட்டால் "பாக்கலாம்" என்கிறாள். அதற்கு நான் காத்திருக்க முடியாது. நான் கூவிக் கூவி அழைத்த ஆட்கள்.

பல் டாக்டர் முழுவதும் கேட்டுவிட்டு, உங்கள் மேல் புகார் கொடுக்கலாம் என்றார். கொடுங்கள், முதலில் அதை எடுங்கள் என்றேன். எதிரிலேயே மெக்கானிக்குக்கு போன் போட்டார்.

தையற்கடைக்காரிதான் மசியவில்லை. "நல்லா இருக்குல்ல, இருந்துட்டுப் போகட்டும் விடுங்க. நான் என்ன தினமும் போயா இடிக்கறேன்?"

பக்கத்து சீட்டில் அவள் மகள் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகிறாள். அந்தப் பெண்ணின் ரிப்பன் ஒன்று சீட்டில் கிடந்தது. கதவு திறந்திருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, ஏறி அந்த சீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"பாட்டி, எறங்குங்க. கடை திறக்கணும்."

"இதைப் பிரி. எறங்கறேன்."

"வெளையாடாதீங்க."

"நானா வெளையாடறேன்?"

வெயில் ஏறியது. வேடிக்கை பார்க்க ஆள் கூடியது. அவள் போனை எடுத்தாள். "பொடிசு, உங்க பாட்டி என் வண்டில ஏறிக்கிட்டு அடம் பிடிக்கறாங்க. வந்து கூட்டிட்டுப் போ தாயே."

வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். கையில் ஹீட் கன் இருந்தது.

தையற்கடைக்காரியிடம், "அக்கா, கடையிலேர்ந்து வயர் இழுத்துக்கறேன்" என்றாள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, மூலையைச் சூடாக்கிப் பிரித்தாள். தாள் முனகிக்கொண்டு வந்தது. அவள் ஒட்டும்போது எத்தனை முறை பக்கத்தில் நின்றிருக்கிறேன், இப்படி முகத்தைப் பார்த்ததில்லை. உள்ளே பழைய சாம்பல் பலகை, நடுவே கோடு. சுற்றிலும் பளபளவென்று இருக்க, அது மட்டும் மொட்டையாக இருந்தது.

"கேவலமா இருக்கு" என்றாள் தையற்கடைக்காரி.

"இருக்கட்டும்க்கா. அந்த ஏர்பேக்கை நான்தான் அடைச்சு வெச்சிருந்தேன்" என்றாள் பொடிசு.

கூட்டத்தின் முன்னால் சொன்னாள். நான் இறங்கினேன். கால் மரத்துப்போயிருந்தது, அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 2, புதன்

கடைக்குப் போனேன். பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் வந்து டேஷ்போர்டு முழுக்க ஒட்ட வேண்டும் என்றார். அந்த மூடியில் ஒட்டமாட்டேன் என்றாள் பொடிசு. வேறு கடையில் ஒட்டுகிறார்களே என்றார். அங்கே ஒட்டுவதும் ஆபத்துதான் என்று காரணத்தைச் சொன்னாள். கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

ஏப்ரல் 19, சனி

இன்று காலை பொடிசு எதிர்வீட்டுக்குப் போனாள். நான் சொல்லவில்லை, தானாகத்தான் போனாள். நான் ஜன்னலில் நின்றிருந்தேன். வாத்தியார் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவள் வாசலிலேயே நின்றாள். நானாக இருந்தால் திரும்பியிருப்பேன். கடைசியில் வாத்தியாரம்மா வந்து கதவை அகலத் திறந்தாள்.

திரும்பி வந்தவள் தண்ணீர் குடித்தாள். பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"திட்டினாங்களா?"

"இல்ல. தழும்பைக் காட்டினாங்க."

"அப்பறம்?"

"தொட்டுப் பாருன்னாங்க."

"தொட்டியா?"

"தொட்டேன் பாட்டி."