உன் வருசச் சாப்பாட்டுக் காசில் ஏசி மாட்டினேன்

சின்னா, என் செல்லமே,

வருகிற வெள்ளிக்கிழமை நீ போய் ஒரு வருசம் திரும்புகிறது. மற்றவர்களாக இருந்தால் தெருமுனையில் உன் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே சொந்தக்காரர்கள் பேரையெல்லாம் வரிசையாக அடித்து ஃப்ளெக்ஸ் கட்டியிருப்பார்கள். நான் கட்டவில்லை. அந்தக் காசு ஒயருக்குப் போய்விட்டது. அதனால்தான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட உன் அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

நம்ம மண்ணூர் வீட்டில் ஏசி மாட்டியிருக்கிறேன். ஆமாம், கூரைக்கு ஷீட்டு போட்ட அதே வீட்டில்தான். சிரிக்காமல் கேள்.

உன் வேலையைக் கலாவுக்குக் கொடுத்தார்கள். நீ போன நாலாம் மாதம் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். உன்னைப் போலவே ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. கலியாணமாகி வந்த புதிதில் என்னிடம் உப்பு எங்கே என்று கேட்கவே பயந்த உன் பெண்டாட்டி, இப்போது லைனில் சூப்பர்வைசரையே கேள்வி கேட்கிறாளாம். எனக்குப் பெருமைதான். ஆனால் ராத்திரி ஷிப்டு வாரம் வந்தால் அவள் முகம் மாறிவிடும். கண்ணுக்குக் கீழே கறுத்து, பேச்சு பாதியில் நின்று போகும்.

போன மாதம் ஒரு சாயங்காலம், ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் பாப்பாவுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நின்றபடியே கண் மூடியிருக்கிறாள். உள்ளங்கை அப்படியே தோசைக் கல்லில் பட்டுவிட்டது. நான் ஓடிப்போய்க் கையை இழுத்துத் தண்ணீரில் விட்டேன்.

“ஒண்ணுமில்ல அண்ணி, கொஞ்சம் கண்ணு அசந்துட்டேன்” என்றாள்.

நீயும் ராத்திரி ஷிப்டு முடித்து வரும்போதுதானே, ஒரகடம் ரோட்டோரம் நின்றிருந்த கன்டெய்னர் லாரியின் பின்னால் வண்டியை விட்டாய்? பிரேக் பிடித்த தடமே ரோட்டில் இல்லை என்று போலீஸ்காரர் சொன்னார். ஒரு வீட்டுக்கு ஒன்று போதும் சின்னா. பாப்பாவுக்கு அப்பன்தான் இல்லை. ஆத்தாளாவது இருக்க வேண்டாமா?

மறுநாள் கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டு, மதியம் கலா பக்கத்தில் நானும் படுத்துப் பார்த்தேன். இத்தனை வருசத்தில் நம்ம வீட்டின் பகல் ஒரு மணியை நான் பார்த்ததே இல்லை. விடிவதற்குள் கிளம்பிக் கேன்டீனுக்குக் காய் நறுக்கப் போனால், திரும்பி வர நாலாகும். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் அந்த நேரத்தில் வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருப்பேன். ஷீட்டுக்குக் கீழே படுத்ததும் யாரோ முகத்துக்கு நேராக அடுப்பைப் பிடித்த மாதிரி இருந்தது. செம்பரம்பாக்கத்துப் பக்கமிருந்து வருகிற காற்று ஈரத்தையும் கூடவே சுமந்து வருகிறது. ஃபேன் அதைத்தான் சுற்றிச் சுற்றி மேலே போட்டது. பாய் நனைந்து முதுகில் ஒட்டியது. அரை மணி நேரத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. அன்றைக்கே முடிவு எடுத்துவிட்டேன்.

என் சீட்டுப் பணத்தை எடுத்து ஏசி வாங்கினேன். ‘ஃபிட்டிங் இலவசம்’ என்று கடையில் எழுதியிருந்தது. பெட்டி வீடு வந்து சேர்ந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன்.

மாட்ட வந்தவர் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். ஏணியைச் சாத்திவிட்டு மேலே பார்த்தார். சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவில் குருவி போகிற சந்து இருக்கிறதே, அதைப் பார்த்துச் சிரித்தார்.

“யம்மா, இது வீட்டுக்கு ஏசியா, இல்ல ஊருக்கு ஏசியா? இம்புட்டு சந்து கெடந்தா குளுரு எங்க நிக்கும்?”

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். சந்தை அடைக்க வேண்டும். ஷீட்டுக்குக் கீழே தெர்மகோல் வைத்துச் சீலிங் அடிக்க வேண்டும். நம்ம ஒயர் ஒரு பல்பும் ஒரு ஃபேனும் ஓடுகிற காலத்தில் இழுத்தது, ஏசியைப் போட்டால் உருகிவிடும். மீட்டரிலிருந்து தனி ஒயர், தனி சுவிட்ச், எர்த்து. ஹாலோ பிளாக் சுவர் வெளிப்பெட்டியைத் தாங்காது, தரையிலிருந்து இரும்பு ஸ்டாண்டு. கடைக்காரன் கொடுத்த செம்புக் குழாய் எட்டாது, மேற்கொண்டு வாங்க வேண்டும். அவர் மாட்டிக் கொடுப்பதுதான் இலவசம். மாட்டுவதற்கு ஒரு வீடு வேண்டுமே, அது இலவசமில்லை. எல்லாம் சேர்த்தால் ஏசி விலையில் முக்கால்வாசி வந்தது.

பெட்டி பத்து நாள் நடுவீட்டில் பிரிக்காமல் கிடந்தது. அப்போதுதான் வல்லம் வடகால் ஊரிலிருந்து மாமா, உன் வருசத்துக்கு எத்தனை இலை போடுவது என்று பேச வந்தார். உட்காரவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

“இன்னாம்மா இது? வருசம் திரும்பறதுக்குள்ள சாவு வூட்ல ஒரு புதுச் சொம்பு வாங்கலாமா? நீ ஏசி வாங்கிக்கினு வந்துகீற.”

“வெயிலு வருசம் பாத்துக்கினா அடிக்குது மாமா?”

“வாய் மட்டும் கொறையல. புருசன் போய் ஒரு வருசம் ஆவல, அதுக்குள்ள ஏசில படுத்துக்கினு கீறாள்னு ஊரு பேசும்மா.”

உள்ளே கலா காதில் விழுந்துவிட்டது. கட்டுப் போட்ட கையோடு வெளியே வந்தாள்.

“திருப்பிக் குடுத்துடலாம் அண்ணி. எனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்?”

“நீ சும்மா இருடி” என்றேன். மாமாவைப் பார்த்து, “இவ ஷிப்டுக்கு ஊரு போவுமா? ஊரைப் போவச் சொல்லு, நான் பொட்டிய திருப்பிக் குடுக்கறேன்” என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் இன்னொன்றையும் சொன்னேன். உன் வருசச் சாப்பாட்டுக்கு என்று எடுத்து வைத்த பணத்தில்தான் சீலிங்கும் ஒயரும் என்று. நூறு இலை இல்லை, நாலு இலைதான் என்று.

“செத்தவன் பேர்ல வெச்ச துட்டுமா அது!”

“அவன் பொண்டாட்டிக்குத்தான் செலவாவுது, வேற யாருக்கு?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான். வெள்ளிக்கிழமை வருவாரோ மாட்டாரோ. வந்தால் நாலு இலையில் ஒன்று அவருக்கு.

நீ கோபப்படமாட்டாய் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பயந்தேன்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் சீலிங் அடித்து, சந்தை அடைத்து, அந்தச் சங்கரன்கோவில்காரர் ஏசியைப் போட்டுவிட்டு, “இந்த ஊருக்குக் குளுரு பெருசில்லம்மா, ஈரத்த உறிஞ்சணும். இருபத்தாறுல வெச்சு மெதுவா ஃபேனப் போடுங்க, கரண்டும் மிச்சம்” என்று சொல்லிப் போன பிறகு, என் பயம் போய்விட்டது.

முதல் நாள் கலா காலை எட்டு மணிக்குப் படுத்தாள். நான் நாலு மணிக்கு வந்து கதவைத் திறந்தால், படுத்தபடியே கிடக்கிறாள். புரண்ட அடையாளமே இல்லை. பயந்துபோய் மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். “இன்னா அண்ணி, செக் பண்றியா?” என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள். நீ போனதற்குப் பிறகு அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். இப்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக நடந்து வருகிறாள். கரண்டு பில் இனிமேல்தான் வரும். வரட்டும், ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்த்தாவது கட்டுவேன்.

உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இதுதான். கலா ராத்திரி ஷிப்டு போகிற வரைக்கும் அவளுடைய பகல் தூக்கம் என் பொறுப்பு. எவர் என்ன பேசினாலும் அந்தக் கதவை யாரும் தட்ட விடமாட்டேன். பாப்பா வளர்ந்து ஆளாகிற வரைக்கும் அவள் அம்மா வேலை முடிந்து வீடு வந்து சேருவாள்.

ஒன்று மட்டும் நெஞ்சை அறுக்கிறது. உன் ராத்திரி ஷிப்டு வாரத்தில் நான் கேன்டீனிலிருந்து வந்ததும், “தூங்கினியாடா?” என்று கேட்பேன். “நல்லாத் தூங்கினேன்க்கா” என்பாய். நானும் நம்பிக்கொண்டு காப்பி போடப் போய்விடுவேன். அந்த ஷீட்டுக்குக் கீழே நீ ஒரு நாளாவது தூங்கினாயா, சின்னா?

உன்னை இடுப்பில் சுமந்த,
உன் அக்கா