ராவிய ஊசி

கவ்லான், வியாழன்

நாஜியின் அம்மாவுக்கு,

பையனோடு பிறந்த வீட்டிலேயே இரு. இங்கே சித்தப்பா முஸ்இத் வாசலைவிட்டு நகர்வதில்லை.

பகையாளிகள் கையில் அப்பா செத்த அன்று போலவே, அவர் துப்பாக்கி இப்போதும் வெடிக்கவே மாட்டேன் என்கிறது. தோட்டாவையும் சுருள்வில்லையும் மாற்றினேன், உள்ளே இறுகிக் கிடந்த கிரீஸைத் துடைத்தேன். சித்தப்பா காத் இலையை மென்றபடி, "உங்கப்பன கவுத்த துப்பாக்கிதானே. நீயும் அவனுங்க முன்னாடி பேந்தப் பேந்த முழி" என்றார்.

இன்று தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியைக் கழற்றினேன். முனை தானாகத் தேயவில்லை, அரத்தால் ராவப்பட்டிருந்தது. அரம் அப்பாவின் தொழுகைப் பாய்க்குள் இருந்தது. பழிவாங்கப் போன அன்று, வெடிக்காது என்று தெரிந்தேதான் போயிருக்கிறார்.

தேய்ந்துவிட்டது என்று சித்தப்பாவிடம் சொன்னேன். புது ஊசி வாங்கித் தந்தார். நாளை சந்தை கலைந்ததும் அவர்களைச் சுட மலைப்பாதையில் நான் நிற்க வேண்டும்.

அதையும் ராவிவிட்டேன்.

என்னைத் தூக்கிக்கொண்டு வந்தால், துப்பாக்கியைப் பாழுங்கிணற்றில் போட்டுவிடு. நாஜி அதைக் கழற்றிப் பார்க்க வேண்டாம்.

உன் வீட்டுக்காரன்