லூர்து மேரியின் அட்டைத் தட்டு

லூர்து, கூடப் பிறக்காமலே என்னை அண்ணனாக்கியவளே,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. காய்ச்சல் என்று லீவு சொல்லி அனுப்பினாய். ஐந்தாம் நாள் உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தோம். உனக்கு வரும் கடிதங்களை யாராவது வாசித்துச் சொல்வதுதான் வழக்கம். இதையும் பேக்கிங் மேசையில் நம்மோடு பெட்டி கட்டும் நாகராஜ் சத்தமாக வாசிக்கப் போகிறான். எல்லோரும் கேட்கட்டும்.

ஹொசூர் ரோட்டில் மேம்பாலத்துக்குத் தூண் போடுகிறார்கள். லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் மாறி மாறி பொம்மசந்திராவில் நம் கம்பெனிக்கு நீ வந்த அந்த வழி இப்போது ஒரே புழுதி. நீ இருந்திருந்தால் என்ன சொல்லித் திட்டியிருப்பாய்?

உன்னையும் சேர்த்துப் பார்வையில்லாத நான்கு பேரை வேலைக்கு எடுத்திருப்பதாக மேனேஜர் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை. நான் பேக்கிங் சூபர்வைசர். நம் கம்பெனியில் செய்வது பாய்லரின் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜ். முகத்தில் கண்ணாடி, அடியில் மரை போட்ட பித்தளைக் கழுத்து. கண்ணாடிச் சாமானைக் கண் தெரியாதவர்கள் கையில் கொடுப்பதா என்று எனக்குப் பயம்.

மூன்றே மாதம். வடக்கே போன பெட்டிகள் உடைந்து திரும்பி வந்தன. முன்பும் வந்துகொண்டுதான் இருந்தன, ஆனால் அப்போது லாரிக்காரனைத் திட்டினோம். இப்போது திட்ட நீங்கள் நால்வர் கிடைத்துவிட்டீர்கள். 'இவர்களை வேறு வேலைக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அனுப்பிவிடுங்கள்' என்று மேனேஜருக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவன் நான்.

மாத முடிவில் உங்களை நிறுத்துவதாகப் பேச்சு அடிபட்டது. ஒரு நாள் மதியம், திரும்பி வந்த ஆறு பெட்டிகளை நான் பிரிக்கப் போனபோது நீ சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாய்.

"அண்ணா, கொட்டிடாதீங்க. ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கறேன்."

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த டேப்பில் விரலை ஓட்டினாய். "இது நாகராஜ் அண்ணன் கட்டுனது. டேப்ப ரெண்டு தடவ அமுக்குவாரு." அடுத்ததைத் தொட்டாய். "இதுவும் அவருதான்." நான்காவது பெட்டியில் கொஞ்சம் நின்றாய். "இது நான் கட்டுனது." மற்றவற்றையும் அப்படியே சொன்னாய்.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கட்டியவரின் நம்பர் போட்ட சீட்டு இருக்கும். எடுத்துப் பார்த்தேன். ஆறும் சரி. அவற்றில் நான்கு பார்வையுள்ளவர்கள் கட்டியவை. அந்தக் கடிதத்தை எழுதுமுன் இந்தச் சீட்டுகளை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, லூர்து. நீயோ உன் பெட்டியை உன் பெட்டி என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னாய்.

பிறகு உள்ளே கேஜுகளுக்கு நடுவில் இருந்த அட்டைத் தடுப்புகளை எடுத்து மடியில் வைத்துத் தடவினாய். நாங்கள் அவற்றைப் பார்த்ததே இல்லை. கண்ணாடிச் சில்லை எண்ணிவிட்டு, அட்டையைக் குப்பையில் போட்டுவிடுவோம்.

"இங்க ஓட்டை. இதுலயும் அதே உயரத்துல ஓட்டை. எல்லாத்துலயும் இருக்கு. இது கீழ விழுந்து உடையலண்ணா. லாரி ஆட ஆட கேஜ் மெல்ல சாயுது. பித்தளை அட்டையப் பொத்துகிட்டுப் போயி பக்கத்துக் கண்ணாடியக் குத்துது. யாரு கட்டினாலும் குத்தும்."

கடிதம் எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும். டைப் அடிச்ச பொண்ணு அன்னைக்கே சொல்லிடுச்சு."

"அப்புறம் எப்படி என்கூடப் பேசினே?"

"பேசாம இருந்தா பெட்டிய யாரு தொறந்து குடுப்பாங்க?" என்று சிரித்தாய். அது வேடிக்கைப் பேச்சா, நிஜமா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாளே நீ சொல்லச் சொல்ல நான் அட்டையை வெட்டினேன். பன்னிரண்டு குழி உள்ள ஒரு தட்டு. குழி ஒவ்வொன்றின் அடியிலும் துளை. பித்தளைக் கழுத்து அதில் இறங்கி நின்றால் கேஜ் சாயாது. தட்டைத் தூக்கி அடியில் கை வைத்தால் பன்னிரண்டும் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். பெட்டியின் மேல் அச்சடித்திருந்த அம்புக்குறி உங்களுக்கு எதற்கு? தட்டில் ஒரு மூலையை வெட்டச் சொன்னாய். வெட்டிய மூலை வலது கைக்கு வந்தால் அதுதான் சரியான பக்கம். நான் கண்ணை மூடிக்கொண்டு கட்டிப் பார்த்தேன். பன்னிரண்டும் விரலுக்குத் தட்டுப்பட்டன.

தட்டைச் சோதித்துக் காட்ட மேனேஜர் ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். தட்டு வைத்துக் கட்டிய பெட்டியைத் தினமும் கம்பெனி டெம்போவில் ஏற்றி, ஹொசூர் ரோட்டில் ஒரு பள்ளம் விடாமல் வண்டியை இறக்கச் சொன்னோம். "பள்ளத்துல வுடுன்னு சொல்ற மொத ஆளு நீங்கதான் சார்" என்றான் டிரைவர். கடைசி நாள் நீயும் ஏறிக்கொண்டாய். பின்னால் தரையில் உட்கார்ந்து, பெட்டியை இரண்டு கையாலும் அணைத்து, காதை அதன்மேல் வைத்துக்கொண்டு வந்தாய். நான் எதிரில் கம்பியைப் பிடித்தபடி உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது சொன்னாய்: "பெட்டி பேசவே இல்லண்ணா."

எல்லோர் முன்னாலும் மேனேஜர் பிரித்தார். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பன்னிரண்டாவதையும் பார்த்துவிட்டு, "ஒந்தூ ஒடெதில்லா!" என்று கன்னடத்தில் கத்தினார். ஒன்றுகூட உடையவில்லை! நீங்கள் நால்வரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நிறுத்துகிற பேச்சு அன்றோடு நின்றது. இரண்டே மாதத்தில் கம்பெனி முழுக்க, பார்வையுள்ளவர்களும் அந்தத் தட்டில்தான் கட்டினார்கள்.

இப்போது ஒரு சேதி. கப்பலில் போகும் சரக்குக்கும் இதே தட்டு வேண்டுமாம், வாங்குபவர்கள் அதன் வரைபடம் கேட்டிருக்கிறார்கள். அப்போது வரைந்து வைத்த பழைய தாளை எடுத்தேன். மூலையில் 'வடிவமைத்தவர்' என்று ஒரு கட்டம். இத்தனை வருஷமும் அது காலியாகவே இருந்திருக்கிறது. அதை உன்னிடம் வாசித்துச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே!

'லூர்து மேரி, பேக்கிங் பிரிவு' என்று எழுதி, கையெழுத்துக்குக் கொண்டு போனேன். புது மேனேஜர் நிமிர்ந்து, "யாரிது? இஞ்சினியரா?" என்றார். அவரை மேசைக்கு அழைத்து வந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெட்டி கட்டச் சொன்னேன். தட்டைத் திருப்பினார். வெட்டிய மூலையைக் கண்டுபிடித்தார். பன்னிரண்டையும் இறக்கிவிட்டு அடியில் கை வைத்தார். கண்ணைத் திறந்து தன் விரல்களைப் பார்த்தார். பிறகு என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

இனி அந்தத் தாள் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் உன் பெயரோடுதான் போகும், லூர்து. நான் வேலையில் இருக்கும் வரைக்கும் அந்தக் கட்டத்தை யாரும் அழிக்க விடமாட்டேன்.

உன் அண்ணன்,
தனபால்
பேக்கிங் பிரிவு, பொம்மசந்திரா