பின் சீட்டுக்கு அடியில் இருந்த தண்ணீர்

ஞாயிறு, இரவு

என் கணவர் இறந்து ஒன்பது மாதம் கழித்து, இன்றைக்குத்தான் அவருடைய ஜீப்பை எடுத்துக்கொண்டு ஞாயிறுதோறும் காடுமேடெல்லாம் ஜீப் ஓட்டும் அவருடைய நண்பர் குழுவோடு போனேன். பொத்தேரி தாண்டி, வறண்ட ஏரிக்குள் இறங்கியதும் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. பானெட்டிலிருந்து ஆவி வந்தது.

"அக்கா, ரேடியேட்டர் மூடிய இப்பத் தொறக்காதீங்க, மூஞ்சில அடிச்சிரும்," என்றான் குழுவை நடத்தும் பிரபு.

அரை மணி நேரம் ஆறவிட்டோம். பிறகு, "தண்ணி வெச்சிருக்கீங்களாக்கா?" என்று கேட்டான்.

பின் சீட்டுக்கு அடியில் ஐந்து லிட்டர் கேன் இருந்தது. மேலே அவர் கையெழுத்தில் 'வண்டிக்கு மட்டும்'. இடத்தை அடைக்கிறது என்று எத்தனை முறை திட்டியிருப்பேன். எடுத்துக் கொடுத்துவிட்டேன். ரேடியேட்டர் மொத்தத்தையும் குடித்த பிறகுதான், அது அவர் பிடித்து வைத்த தண்ணீர் என்று உறைத்தது. காலிக் கேனோடு நின்றேன்.

"இன்னாக்கா, கை சுட்டுருச்சா?"

ஆமாம் என்றேன்.

"நாளைக்கே மெக்கானிக்கிட்ட விட்டு, இந்தத் தண்ணிய இறக்கிட்டு கூலன்ட் ஊத்திடுங்க. வெறும் தண்ணி நின்னா உள்ள துருப்பிடிக்கும்."

மெதுவாக ஓட்டித் தாம்பரம் வந்து சேர்ந்தேன். ஜீப் வாசலில் நிற்கிறது. துருப்பிடிக்கும்தான். இந்த வாரம் மட்டும் இருக்கட்டும்.