பதினோரு ஜெனரல்களின் கையெழுத்து

தலைநகர், மார்ச் 4, 2011

அன்புள்ள நிக்கானோர்,

நலம். நீயும் உன் வாழைத்தோட்டமும் நலமா? ஓய்வுபெற்ற ஜெனரல்கள் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர் வியாழன்தோறும் சங்கத்தில் கூடி, சாப்பாட்டோடு தேசப் பாதுகாப்பைப் பேசுகிறோம். ஆற்றில் போதைப்பொருள் படகுகள், சிறைகளில் கும்பல்களின் ராஜ்யம், துறைமுகத்தில் அந்நியர்கள். எல்லாவற்றையும் சொல்லி ஜனாதிபதிக்கு ஓர் அறிக்கை தருகிறோம். மாதக் கடைசியில் பாதுகாப்பு அமைச்சர் யாரென்று தெரிந்துவிடும். என் பெயர் அடிபடுகிறது. பணிமூப்பில் நீதான் முதல்வன். கையெழுத்து வரிசையில் முதல் வரி காலியாக இருந்தால் ஊர் சிரிக்கும். கையெழுத்துப் போட்டுவிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அபெலார்தோ

புவெர்த்தோ அல்மீரா, மார்ச் 9

அபெலார்தோ,

நலம் விசாரித்ததற்கு நன்றி. பதினோரு தொப்பைகள் சேர்ந்து தேசத்தைக் காப்பாற்றுவது சந்தோஷம். இங்கே ஆற்றங்கரைக் காவலில் ஆறு சிப்பாய்கள், ஒரு படகு. படகுக்கு மோட்டார் இல்லை. கடத்தல்காரன் தினமும் இவர்களுக்குக் கையசைத்துவிட்டுத்தான் போகிறான். உங்கள் அறிக்கையில் இது உண்டா?

முப்பது வருஷத்துக்கு முன் நடந்த போரில் பெர்தீஸ் குன்றிலிருந்து நீ இறங்கி வந்தாய். இருந்த ஒரே ரேடியோவையும் எடுத்துக்கொண்டு வந்தாய். பின்வாங்கும் உத்தரவு மேலே இருந்த எட்டுப் பேருக்குப் போகவில்லை. அவர்கள் ஓடிப்போய்விட்டதாக நீ அறிக்கை எழுதினாய். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். போன வருஷம் மரம் வெட்டப் போனவர்கள் பதுங்குகுழியில் எட்டு எலும்புக்கூடுகளைப் பார்த்தார்கள். எட்டும் துப்பாக்கியோடு கிடந்தன.

அந்த எட்டுப் பேரில் ஒருவனான லிசாந்த்ரோவின் அம்மா எர்மினியா என் வாசலில் ஹுமிதா என்ற சோளக் கொழுக்கட்டை விற்கிறாள். "என் புள்ள ஓடிப்போனவன்னுதான் இன்னும் எழுதியிருக்கா, ஜெனரலு?" என்று கேட்கிறாள். எட்டுப் பேரும் ஓடவில்லை என்று உங்கள் புது அறிக்கையில் ஒரு வரி சேர். நான் போடுகிறேன்.

நிக்கானோர்

தலைநகர், மார்ச் 15

அன்புள்ள நிக்கானோர்,

வாழைத்தோட்டத்தில் உட்கார்ந்து உனக்கு மூளை குழம்பிவிட்டது. எலும்புக்கு நாக்கு கிடையாது. ஹுமிதா விற்கிறவளுக்காக ராணுவத்தின் மானத்தைக் கெடுக்கச் சொல்கிறாய்.

அறிக்கையின் வாசகத்தைச் செயலாளர் இன்னும் திருத்திக்கொண்டே இருக்கிறான். நாள் நெருங்குவதால், பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்ட தாளையே அனுப்புகிறேன். மேல்பாதியைக் காலியாக விட்டிருக்கிறோம், வாசகத்தை அங்கே பிறகு அடித்துக்கொள்ளலாம். பெயர்வரிசையில் முதல் வரி உனக்கு. கத்துவாய், முறைப்பாய், கடைசியில் போட்டுவிடுவாய். முப்பது வருஷத்துக்கு முன் போட்டவன்தானே நீ.

உன் அபெலார்தோ

புவெர்த்தோ அல்மீரா, மார்ச் 22

அன்புள்ள அபெலார்தோ,

சரியாகச் சொன்னாய், போட்டுவிட்டேன்.

காலியாக இருந்த மேல்பாதியில் நானே தட்டச்சு செய்தேன். பெரிய வாசகம் இல்லை. பெர்தீஸ் குன்றில் இருந்த எட்டுப் பேரின் பெயர்கள், அவர்கள் கடைசிவரை நின்றார்கள் என்ற செய்தி, ரேடியோவோடு இறங்கியவன் பெயர், பொய் அறிக்கையில் படிக்காமல் கையெழுத்திட்டவன் பெயர். ஆற்றங்கரைப் படகுக்கு மோட்டார் வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறேன். தேசப் பாதுகாப்பை விட முடியுமா? ஒரு பிரதி ஜனாதிபதிக்கு, ஒன்று பத்திரிகைக்கு. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வருகிறது.

எர்மினியாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அழவில்லை. "அவன் பேர மட்டும் இன்னொரு தடவ வாசிங்க" என்றாள். மூன்று தடவை வாசித்தேன். நாலாவது தடவை என்னால் முடியவில்லை. அவமானமாக இருந்தது.

நீங்கள் தாராளமாக மறுக்கலாம். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டோம் என்று பதினோரு ஜெனரல்களும் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தால் போதும். பணிமூப்பு வரிசைப்படி எழுதுங்கள். என் பங்கை நான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நிக்கானோர்