மீனுக்கு இல்லாத தீட்டு

அக்கா,

சிலாபம் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பும்போது என் கையில் ஒரு பிளாஸ்டிக் சாமானைத் தந்துவிட்டார்கள். மூன்று குழாய்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நீலப் பந்து, பக்கத்தில் வாயில் வைத்து உறிஞ்ச ஒரு வளைந்த குழல். நிமோனியாவில் சுருங்கிய நுரையீரல் மறுபடி விரிய வேண்டுமென்றால் இதில் மூச்சை உள்ளே இழுத்துப் பழக வேண்டுமாம். இழுத்தால் பந்து மேலே ஏறும். செய்து காட்டிய சிங்களப் பிள்ளை, "ஹெமின், சீயா, ஹெமின்" என்றாள். மெதுவாக, தாத்தா, மெதுவாக. நான் எந்தக் காலத்தில் எந்த விஷயத்தில் அவசரப்பட்டேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

புதுப் பிளாஸ்டிக்கின் மணம் தொண்டைக்குள் இறங்கும் ஒவ்வொரு தடவையும் உன் நினைவு வருகிறது. அந்த மணத்துக்கும் உனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உன்னிடம் இருந்தது ஈரக் கயிற்றின் மணமும் உப்பின் மணமும்தான். ஆனால் பந்தை ஏற்ற வேண்டும் என்று நினைத்து இழுத்தால் அது அசைவதில்லை. உன் பாட்டின் ஓரடியை மனதுக்குள் பாடி, அடுத்த அடிக்கு முன் நீ மூச்சு வாங்குகிற இடத்தில் நானும் வாங்கினால் இரண்டு பந்துகள் ஏறுகின்றன. தற்செயலோ என்று சந்தேகப்பட்டுப் பல நாள் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் குணம் உனக்குத் தெரியும்.

நேற்றுக் காலை இதை வாயில் வைத்துக்கொண்டு இருக்கும்போது கோயில் சபையின் செயலாளர் வந்தார். சம்மாட்டியின் கடைசி மகன். கரைவலைக்குச் சொந்தக்காரராகவும் கோயில் சபைக்குத் தலைவராகவும் இருந்து நம்மை ஆண்ட அதே சம்மாட்டியின் மகன். அவரில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், மரியாதையான பிள்ளை. கதிரையில் நுனியில் இருந்துகொண்டு, "மாஸ்டர், திருவிழா மலர் ஒண்டு அடிக்கிறம். அக்காட படம் வேணும்" என்றார். படத்தின் கீழே போடப்போவதை வாசித்தும் காட்டினார். இறுதி மூச்சுவரை அம்மன் சந்நிதியில் பாடி அடியார்களை உருக வைத்த கானக்குயில்.

நான் என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு வரியே வரலாறாகிவிடும்.

சந்நிதியில் நீ பாடியது உண்மைதான், நாட்டில் சண்டை தொடங்கிய முதல் ஆண்டுகள்வரை. திருவிழாவுக்கு முன் உனக்கு வெற்றிலை வைத்து அழைப்பார்கள். நீ முன்னால் நின்று எடுத்துக்கொடுக்க, ஊர்ப் பெண்கள் வட்டமாக நின்று திருப்பிப் பாடுவார்கள். அம்மனைத் தேரை விட்டு இறங்கி வரச்சொல்லும் அந்தப் பாட்டில் உன் குரல் ஏறும்போது, சோற்றுப் பந்தலில் இலை போட்டுக்கொண்டு நிற்பவர்கள்கூட இலையோடு அப்படியே நிற்பார்கள். எனக்கோ வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்றாலே குரல் வெளியே வராது. ஆசிரியப் பயிற்சிக்குப் போன இடத்தில் யாரோ பிராணாயாமம் செய்யச் சொன்னதால் விடியற்காலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு இருக்கப் பழகினேன்.

"மூக்கைப் பொத்திக்கொண்டு சும்மா இருக்கிறதுக்கு அரசாங்கம் உனக்குச் சம்பளமும் தருதோடா?" என்று கேட்பாய்.

சண்டை மூண்ட வருடமும் அத்தான் வடக்கே வாடிக்குப் போனார். இங்கே கடல் மூசிக் கொந்தளிக்கும் மாதங்களில் அங்கே போய்க் கொட்டில் போட்டுத் தொழில் செய்வது ஊர் வழக்கம். பாதை மூடுவதற்குள் திரும்பிவிடலாம் என்றுதான் போனார். பாதை மூடியது. அவரும் வரவில்லை, கூடப் போனவர்களும் வரவில்லை. சுட்டுப்போட்டார்கள் என்று ஒருவர், பிடித்துக்கொண்டு போனார்கள் என்று இன்னொருவர், படகோடு இந்தியாவுக்குப் போயிருப்பார் என்று வேறொருவர். எல்லோரும் உன் வாசலில் வந்து சொன்னார்கள். ஒருவரும் கண்ணால் கண்டதாகச் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் உனக்கு மூச்சு அடைக்கத் தொடங்கியது. சோறு கொதிக்கும், நீ அகப்பையோடு நிற்பாய், வாய் திறந்திருக்கும், மூச்சு உள்ளே போகாது. அப்போதிக்கரி நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தந்தேன். நிமிர்ந்து இரு, கண்ணை மூடு, மூச்சு வருவதையும் போவதையும் மட்டும் பார். நீ ஒரு கிழமை செய்துவிட்டு என்னைத் திட்டினாய்.

"சும்மா இருந்து மூச்சைப் பார் எண்டுறாய். மூச்சைப் பார்த்தா அந்த மனிசன்ட முகமெல்லோ வருது. பிறகு எங்க மூச்சு விடுறது?"

பதிலை நீயே கண்டுபிடித்தாய். மூச்சை நான் சொன்னபடி வாங்குவாய், வெளியே விடும்போது ஒரு பாட்டின் அடியை வைத்து விடுவாய். அடி முடியும்வரை மூச்சு மெல்ல மெல்லப் போகும், அகப்பை மறுபடி சோற்றைக் கிண்டும். கேட்டுக்கொண்டு இருந்த எனக்கு நீ தந்த விளக்கம் இதுதான்: "மூச்சைச் சும்மா வெளிய விடாதேடா. ஏதாவது ஏத்தி அனுப்பு."

அந்த அடுப்படியில், பாடினால்தான் உனக்கு உயிர் என்பதை நான் கண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, மிகைப்படுத்தவும் இல்லை. பாடாத நாளில் நீ நீல உதட்டோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பாடிய நாளில் சமைத்தாய், வாசல் கூட்டினாய், என்னோடு சண்டை பிடித்தாய்.

அந்தப் பாட்டைத்தான் அவர்கள் பறித்தார்கள்.

அத்தான் காணாமல் போன பிறகும் இரண்டு திருவிழாவுக்கு நீ பாடினாய். அடுத்ததற்கு உனக்கு வெற்றிலை வரவில்லை. நாம் சபைக் கூட்டத்துக்குப் போனோம். அதே மாதத்தில்தான் அத்தானின் மரணப் பதிவுக்காக அரசாங்கக் கச்சேரிப் படியும் ஏறியிருந்தோம். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவர், செத்ததற்கு அத்தாட்சி இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது, ஆள் வந்தாலும் வருவார், பொறுத்திருங்கள் என்று அனுப்பிவிட்டார். கோயிலில் சம்மாட்டி வேறு கதை சொன்னார்.

"பிள்ளை, உன்ட மனசு எனக்கு விளங்குது. ஆனா புருசன் இருக்கிறானோ இல்லையோ எண்ட சந்தேகத்தோட அம்மனுக்கு முன்னால நிக்க ஏலாது. தீட்டு."

நீ அழவில்லை. "நான் இன்னும் பொட்டோடதான் நிக்கிறன். அவர் செத்தது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? சொன்ன ஆளைக் காட்டுங்கோ. இந்த இடத்திலயே அழிச்சுப்போட்டுப் போறன்."

நான் எழுந்தேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு போயிருந்தேன், சொல்லவும் சொன்னேன். "மாஸ்டர் என்னவோ சொல்றார், கேக்குதில்ல" என்றார் சம்மாட்டி. பின்வரிசையில் இருந்து ஒருவன், "மாஸ்டர் மூச்சுப் பயிற்சி செய்றார்" என்றான். கூட்டம் சிரித்தது. அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இதை எழுதும்போது விரல் சூடாகிறது. அரசாங்கத்துக்கு அத்தான் உயிரோடு இருந்தார். கோயிலுக்குச் செத்துப்போயிருந்தார். ஒரே மனிதனைத் தங்களுக்குத் தேவையானபோது உயிராக்கினார்கள், தேவையானபோது பிணமாக்கினார்கள். இரண்டுக்கும் விலை கொடுத்தது உன் தொண்டை. அன்றிலிருந்து ஊர் வாயும் கூடிவிட்டது. வீட்டுக்குள் நீ பாடினாலும், "புருசன் போன வீட்டில பாட்டு வேற" என்று வேலிக்கு அப்பால் கேட்கும். நீ சத்தத்தைக் குறைத்தாய். குறைக்கக் குறைக்க மூச்சடைப்பு திரும்பி வந்தது. அத்தான் போன துக்கத்தை விட அது உன்னை மோசமாக வாட்டியது.

பிறகு அந்தச் சுற்றிவளைப்பு வந்தது. இராணுவத்தினர் விடிய முன் வந்து ஆண்களைப் பாடசாலை முற்றத்தில் இருத்தி, அவர்களில் கொஞ்சப் பேரை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுகிறவரும் போனார். அடுத்த நாள் கடலில் வலையை வளைத்துப் போட்டிருந்தார்கள். இழுக்க ஆளில்லை என்று பெண்களைக் கூப்பிட்டார்கள். நீயும் போனாய், நான் பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் பின்னால் வந்தேன்.

அம்பா என்பது களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடும் பாட்டு என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். நானும் முன்பு அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் முன்பாட்டுக்காரர் ஓரடி பாடும்போது கயிற்றில் நிற்பவர்கள் மூச்சை வாங்குகிறார்கள். அவர்கள் திருப்பிப் பாடும்போது மூச்சும் இழுவையும் ஒன்றாகப் போகின்றன. பாட்டு இல்லையென்றால் ஒருத்தி இழுக்கும் நேரம் மற்றவள் மூச்சு வாங்குவாள், வலை நின்ற இடத்தில் நிற்கும். அன்று அப்படித்தான் நின்றது. வலையின் மடி நிறைய மீன். கடல் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இருந்தது. சம்மாட்டி மணலில் அங்கும் இங்கும் ஓடி, "இழுங்கோ, இழுங்கோ" என்று கத்தினார். கத்தலுக்கு வலை வராது.

நீ கயிற்றை இடுப்பில் அண்டக்கொடுத்துக்கொண்டு பாடத் தொடங்கினாய். உனக்கு அம்பா தெரியாது, அது ஆண்களின் பாட்டு. தெரிந்தது அம்மன் பாட்டுத்தான். தேரை விட்டு இறங்கி வா என்ற அந்த அடியை எடுத்து, நம் அடுப்படியில் பழகிய மாதிரியே மூச்சு வாங்க இடம் விட்டுப் பாடினாய். பெண்களுக்கு அது பழகிய பாட்டு. இரண்டாம் அடியில் திருப்பினார்கள். மூன்றாம் அடியில் கயிறு நகர்ந்தது. கோயிலில் தீட்டான அதே குரல், அதே பாட்டு, அதே பெண்கள். கடலில் இருந்து வலை வந்தது.

மீனைக் கொட்டிய பிறகு சம்மாட்டி உன்னிடம் வந்து நின்றார்.

"பிள்ளை, நாளைக்கும் வா."

"எங்க? கோயிலுக்கோ, வலைக்கோ?"

"ரெண்டையும் ஏன் போட்டுக் குழப்பிறாய்? வலைக்குத்தான்."

"ஓம், வாறன். மீனுக்குத் தீட்டு இல்லைபோல."

பெண்கள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் மணலில் இருந்துவிட்டாள். சம்மாட்டி சிரிக்கவில்லை. வெற்றிலையும் வைக்கவில்லை. அந்த வருடமும் இல்லை, அவர் இருக்கும்வரை எந்த வருடமும் இல்லை.

நீ கடற்கரையில் பாடினாய். பிடிபட்டவர்கள் திரும்பி வந்த பிறகும், பெண்கள் நிற்கும் கயிற்றுக்கு முன்பாட்டு நீதான். இழுவை முடிந்ததும் கொஞ்சப் பேர் உன்னைச் சுற்றி இருந்து மூச்சுப் பழகுவார்கள். எல்லோருடைய வீட்டிலும் யாரோ ஒருவர் இல்லை. தில்லையடி அகதி முகாமில் இருந்து கருவாடு வாங்க வந்த ராத்தா ஒருவர், வடக்கில் இருந்து ஒரே நாளில் துரத்தப்பட்ட முஸ்லிம்களில் ஒருவர், முதல் நாள் தள்ளி இருந்து, "எனக்குப் பாட்டு வேணாம் தங்கச்சி. மூச்சை மட்டும் விடுறன்" என்றார். "விடுங்க ராத்தா, ஆனா வெறுமனே விடாதீங்க" என்றாய். அவர் வெளியே விட்ட மூச்சில் என்ன ஏற்றி அனுப்பினார் என்று எனக்குத் தெரியாது. உதடு அசைந்தது. அடுத்த கிழமையும் வந்தார்.

உன்னைக் கிடத்தியபோதுகூட, பொட்டு வைப்பதா விடுவதா என்று வாசலில் ஆண்கள் கூடிக் கதைத்தார்கள். கயிற்றில் உன் பக்கத்தில் நின்ற ஒருத்தி யாரையும் கேட்காமல் உள்ளே போய் வைத்துவிட்டாள்.

இனி நேற்றைக்கு வருகிறேன்.

"இதில ஒரு பிழை இருக்கு தம்பி" என்றேன்.

"திருத்தித் தாங்கோ மாஸ்டர், அதுக்குத்தானே கொண்டு வந்தனான்."

பிளாஸ்டிக் சாமானை மேசையில் வைத்தேன். மறுபடியும் கேட்காமல் போய்விடுமோ என்ற அதே பயம். நிமிர்ந்து இருந்தேன். உன் அடியை மனதுக்குள் ஓடவிட்டு, நீ மூச்சு வாங்கும் இடத்தில் வாங்கினேன். பிறகு விட்டேன்.

"அக்காவைச் சந்நிதியில பாட விடாதது உங்கட அப்பா. வலைக்குப் பாடக் கூப்பிட்டதும் உங்கட அப்பா. அவ கடற்கரையில பாடினவ. அப்பிடிப் போடுறதெண்டால் படம் தாறன்."

அவ்வளவும் ஒரே மூச்சில் வந்தது. அவர் முகம் மாறியது. இரண்டு கையையும் தூக்கி, "சத்தம் போடாதீங்கோ மாஸ்டர், சுகமில்லாத உடம்பு" என்றார்.

நான் சத்தம் போட்டேனா என்று இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். போட்டதாகத் தெரியவில்லை. ஆனால் என்னைப் பார்த்து ஒரு மனிதர் சத்தம் போடாதே என்று சொன்னது என் வாழ்நாளில் இதுவே முதல் தடவை.

"சபையில கதைச்சுப் பார்க்கிறன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். போடுவார்கள் என்று நான் நம்பவில்லை. படம் அலுமாரியில்தான் இருக்கிறது. அதில் நீ பொட்டோடு இருக்கிறாய்.

அவர் போன பிறகு நெடுநேரம் மூச்சு வாங்கியது. மூன்றாவது பந்து இன்றைக்கும் ஏறவில்லை. மூச்சைச் சும்மா விடாதே, ஏதாவது ஏற்றி அனுப்பு என்றாய். நேற்று ஏற்றினேன் அக்கா. பாரம் பெரிதாகத்தான் இருந்தது. போய்ச் சேருமா என்று தெரியாது. கரையை விட்டுப் புறப்பட்டுவிட்டது.